நிரைகளுக்கு நடுவே ஓர் ஒளி: 67 ஆண்டுகள் காத்திருந்த ஒரு கேள்வி

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து செம்பனைத் தோட்டங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மரங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கலைந்து நிற்பதுபோல் தெரியும். திடீரென்று ஒரு கணம் நீண்ட நிரை ஒன்று திறக்கும். கடைசி மரம் வரைக்கும் வெளிச்சம் தெரியும். அடுத்த கணமே மூடிக்கொள்ளும். மரம் எதுவும் நகரவில்லை. நம் பார்வைக் கோணம்தான் மாறியது. பால்வெட்டு வேலைக்குப் போன நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த 'நிரை' என்ற சொல் நன்றாகத் தெரியும்.

படிகமும் இப்படிப்பட்ட ஒரு தோட்டம்தான். அதில் மரங்களுக்குப் பதில் அணுக்கள் நிரை நிரையாக நிற்கின்றன. அந்த நிரைகளுக்கு நடுவே மின்னூட்டம் பெற்ற ஒரு துகள், ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினால் என்ன ஆகும்? அது ஆடிக்கொண்டே ஓடும்; ஆடும்போது ஒளி விடும். இந்த ஒளியைத்தான் இயற்பியலார் 'சேனலிங் கதிர்வீச்சு' என்கிறார்கள். தமிழில் 'வாய்க்கால் கதிர்வீச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் தமிழாசிரியர். இயற்பியல் பாடம் நடத்த வரவில்லை. அறிவியல் வரலாற்றைப் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆண்டுப் பட்டியல்தான் தருகிறார்கள். "1912இல் இவர் சொன்னார், 1963இல் அவர் கண்டார், 1979இல் நிரூபித்தார்." தகவலில் பிழையில்லை. ஆனால் அதைக் கட்டுரை என்று சொல்ல மனம் வருவதில்லை. 1912க்கும் 1979க்கும் இடையே 67 ஆண்டுகள் இருக்கின்றன. ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் பட்டியல் வரலாறாகிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே இதை எழுதுகிறேன்.

1912: ஒரே ஆண்டில் இரண்டு விளக்கங்கள்

1912ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் லாவே கொடுத்த யோசனையின்படி ஃப்ரீட்ரிஷ், கினிப்பிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். எக்ஸ்ரே கதிரைச் செப்பு சல்பேட் படிகத்தின் வழியே செலுத்தினார்கள். பின்னால் வைத்த புகைப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. எக்ஸ்ரே ஓர் அலை, படிகத்தின் அணு அடுக்குகள் அந்த அலையைச் சிதறடிக்கின்றன என்று லாவே விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அப்போது எல்லாரும் இதை உடனே ஏற்கவில்லை. எக்ஸ்ரே அலையா, துகளா என்பதே தீராத வழக்காக இருந்த காலம் அது. ஆகன் நகரில் பேராசிரியராக இருந்த யோஹன்னஸ் ஸ்டார்க் வேறு விதமாக யோசித்தார். படிகத்துக்குள் அணு நிரைகளுக்கு நடுவே திறந்த வழிகள் இருக்கின்றன. அந்தத் திசைகளில் வரும் கதிர்கள் தடையில்லாமல் ஆழமாகப் போக வேண்டும். எக்ஸ்ரேவுக்கு மட்டுமல்ல, வேகமான எலக்ட்ரான்களாகிய பீட்டா கதிர்களுக்கும் இது பொருந்தும் என்றார். இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராகும் அதே ஆண்டில் இதுபோன்ற ஒரு விளக்கத்தையே முதலில் முன்வைத்தார்.

அவருடைய மகன் லாரன்ஸ் பிராக்குக்கு அப்போது வயது 22. அப்பாவின் விளக்கத்துக்காகத்தான் அவர் கணக்குப் போடத் தொடங்கினார். முடிவில் அலை விளக்கமே சரி என்று கண்டார். அணு அடுக்குகள் கண்ணாடிபோல் எக்ஸ்ரேவைத் திருப்புகின்றன என்று சொல்லும் பிராக் விதி அப்படிப் பிறந்ததுதான். அப்பாவும் மகனும் 1915இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மகன் தன் கருத்தை மறுத்தபோது அப்பா முறைத்துக்கொள்ளவில்லை; அவனோடு சேர்ந்து வேலை செய்தார். இதை வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பதரோடு போன நெல்

தாமதத்துக்கான முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. 'நிரைகளுக்கு நடுவே வழி' என்ற கருத்து எக்ஸ்ரேவுக்குப் பொருந்தவில்லை. லாவே புள்ளிகளை அது விளக்கவில்லை. அதனால் அது தோற்றது. தோற்றதோடு மறக்கவும் பட்டது. ஆனால் மின்னூட்டம் பெற்ற துகள்களைப் பொறுத்தவரை அதே கருத்து சரியானது. ஒரே கட்டுரையில் சொல்லப்பட்டதால், தவறான பாதி சரியான பாதியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பதரைத் தூற்றுகிறோம் என்று நெல்லையும் சேர்த்துத் தூற்றிவிட்டார்கள்.

இங்கே மாணவர்கள் விழக்கூடிய ஒரு குழி இருக்கிறது. ஸ்டார்க்கைப் பற்றித் தேடினால், அவர் நாஜிகளின் ஆதரவாளர் என்று உடனே தெரியவரும். 1919இல் நோபல் பரிசு பெற்ற அவர், பிற்காலத்தில் ஐன்ஸ்டைனின் இயற்பியலை 'யூத இயற்பியல்' என்று தூற்றிய கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1937இல் ஒரு நாஜி இதழில் வந்த தாக்குதலில் ஹைசன்பர்க் போன்றவர்களையும் 'வெள்ளை யூதர்' என்று பழிப்பதற்குத் துணைநின்றார். போர் முடிந்தபின் 1947இல் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அதை அவர் அனுபவிக்கவில்லை.

"அப்படின்னா சார், அவர் கெட்டவர், அதனாலதான் அவர் கருத்தை யாரும் ஏற்கல" என்று ஒரு மாணவர் எழுதிவிடலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தவறு. ஆண்டுகளைப் பாருங்கள். கருத்து மறக்கப்பட்டது 1912ஐ ஒட்டி. நாஜி ஆட்சி வந்தது 1933இல். காரணம் எப்போதும் விளைவுக்கு முன்னால் வர வேண்டும். ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்வது ஒப்பிப்பதற்காக அல்ல. இப்படிப்பட்ட பொய்க் காரணங்களைப் பிடிப்பதற்காக.

ஸ்டார்க்கை எப்படி எழுதுவது என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். அவர் செய்த தீங்குக்காக அவருடைய சரியான கேள்வியை மறைக்க வேண்டாம். அவருடைய சரியான கேள்விக்காக அவர் செய்த தீங்கையும் மறைக்க வேண்டாம். இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றால் மற்றதைக் கழுவக்கூடாது. ஸ்டார்க் 1957இல் இறந்தார். அவர் சொன்ன வழி உண்மையில் இருக்கிறது என்று தெரியவந்தபோது அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1963: கணினிக்குள் ஓடிய அயனி

இரண்டாவது காரணம் கருவிகள். ஒரு துகள் நிரைக்குள் நுழைய வேண்டுமென்றால் மிக நேராக வர வேண்டும். நெடுஞ்சாலைப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். கோணம் சற்று மாறினாலே நிரை மூடிக்கொள்கிறது அல்லவா? அதற்கு மெல்லிய, சிதறாத துகள் கற்றை வேண்டும். குறையில்லாத ஒற்றைப் படிகமும் வேண்டும். 1912இல் இவை இரண்டும் இல்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான், அதாவது 1950களில்தான், தூய்மையான பெரிய சிலிக்கான் படிகங்களை வளர்க்கும் தொழில் சூடுபிடித்தது. கணினியும் அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களுக்குள் வந்தது.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ராபின்சன், ஓன் என்ற இருவர், ஓர் அயனி திடப்பொருளுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அணுக்கள் தாறுமாறாகக் கிடப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஆனால் உண்மையான படிகத்தில் அணுக்கள் வரிசையாகத்தானே நிற்கின்றன? அந்த வரிசையைக் கணக்கில் சேர்த்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. சில அயனிகள் நிற்கவே இல்லை. எதிர்பார்த்ததைவிட மிக நீண்ட தூரம் ஓடிக்கொண்டே இருந்தன.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "புரோகிராமில் ஏதோ தப்பு" என்று அந்த விடையை நீக்கிவிட எவருக்கும் ஆசை வரும். அவர்கள் நீக்கவில்லை. அந்த அயனிகள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தார்கள். அத்தனையும் படிகத்தின் திறந்த நிரைகள் வழியாகவே போயின. 1963இல் இதை வெளியிட்டார்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் டேவிஸும் அவருடைய குழுவினரும் அயனிகளின் ஆழத்தை அளந்துவந்தார்கள். அவர்களுடைய அளவுகளிலும் எதிர்பாராத ஆழத்துக்குப் போன சில அயனிகள் இருந்தன. அதே 1963இல் அலுமினியப் படிகத்தில் செய்த சோதனையில் இந்த ஓட்டம் உறுதியானது.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யென்ஸ் லிண்ட்ஹார்ட் இதற்கு ஒரு முழுமையான கோட்பாடு தந்தார். துகள் ஒவ்வோர் அணுவையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை; நிரை முழுவதையும் ஒரு தொடர்ச்சியான சுவராகவே உணர்கிறது என்றார். சுவரில் உரசும் கோணம் ஓர் எல்லைக்குள் இருந்தால் துகள் மெதுவாகத் திருப்பி விடப்படும். எல்லையைத் தாண்டினால் சுவரை உடைத்துக்கொண்டு போய்விடும்.

ஒளி எங்கிருந்து வந்தது?

இதுவரை வழி கிடைத்தது. ஒளி இன்னும் வரவில்லை.

மின்னூட்டம் பெற்ற துகளின் வேகமோ திசையோ மாறினால் அது கதிர்வீச்சை வெளியிடும். எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகே போகும்போது திசைதிருப்பப்பட்டு, வேகம் குறைந்து, எக்ஸ்ரே விடும். ஜெர்மானியர் இதை 'பிரெம்ஸ்ட்ராலுங்' என்றார்கள்; நம் பேச்சில் சொன்னால் 'பிரேக் போடும்போது வரும் கதிர்'. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் இந்தக் கதிர்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சேர்ந்து வலுப்பெறும் என்பதை 1950களில் தெர்-மிக்கயேலியான், யூபெரால் போன்றோர் கணக்கிட்டுக் காட்டினார்கள். கோயில் தேரை ஒவ்வொருவரும் தனித்தனியே இழுப்பதற்கும், எல்லாரும் ஒரே மூச்சில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 1960இல் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டி ஆய்வகத்தில் இது சோதனையில் தெரிந்தது.

இந்தக் கணக்குகளில் துகள் நிரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வாய்க்காலுக்குள் சிக்கி ஓடும் துகள் என்ன செய்யும்? 1976இல் சோவியத் இயற்பியலாளர் முராதின் குமாகோவ் இதற்கு விடை சொன்னார். சிக்கிய துகள் நேராக ஓடாது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே ஓடும். ஆட்டம் என்றால் திசைமாற்றம். திசைமாற்றம் என்றால் ஒளி. அதுவும் சாதாரண ஒளியல்ல, குறிப்பிட்ட ஆற்றலில் குவிந்த, வலுவான எக்ஸ்ரே ஒளி.

வழியை 1963லும் சுவர்க் கோட்பாட்டை 1965லும் கண்டவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? அவர்கள் பெரும்பாலும் கனமான, மெதுவான அயனிகளையே ஆராய்ந்துவந்தார்கள். அவை ஆடினாலும் வெளிவரும் ஒளி மிகச் சொற்பம். எலக்ட்ரான், பாசிட்ரான் போன்ற இலகுவான, அதிவேகத் துகள்களை ஆராய்ந்தவர்கள் வேறொரு கூட்டம். இரண்டு கூட்டத்தாரின் அறிவும் ஒரே மூளையில் சந்திக்க 1976 வரை காக்க வேண்டியதாயிற்று. இது மூன்றாவது காரணம்.

1979: பகைவரும் சேர்ந்து பார்த்த ஒளி

அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 56 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட பாசிட்ரான்களைச் சிலிக்கான் படிகத்தில் செலுத்தினார்கள். பாசிட்ரான் என்பது நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கருவும் நேர் மின்னூட்டம் உடையது. ஆகவே அது பாசிட்ரானைத் தள்ளிவிடும். பாசிட்ரான் இரு சுவர்களுக்கு நடுவிலேயே ஓடும். எலக்ட்ரானோ சுவரை நோக்கி ஈர்க்கப்பட்டு அணுக்களில் அடிக்கடி மோதும். அதனால் பாசிட்ரானின் ஆட்டம் சீரானது. 1979இல் வெளியான முடிவில், ஏறத்தாழ 40,000 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி எக்ஸ்ரே சிகரம் ஒன்று எழுந்து நின்றது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் படிவம் 5 மாணவரும் பின்தொடரலாம். சிலிக்கானில் அந்தச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் மிகச் சிறியது; ஒரு மில்லிமீட்டரில் 5 மில்லியன் சுவர்களுக்கு மேல் அடங்கும். அந்த இடைவெளியில் பாசிட்ரான் ஆடும் வேகத்தை ஆற்றலாக மாற்றினால் சுமார் 1.8 எலக்ட்ரான்வோல்ட் வரும். இது நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியின் ஆற்றல். பிறகு எக்ஸ்ரே எப்படி வந்தது? பாசிட்ரான் ஒளியின் வேகத்தில் 99.99 விழுக்காட்டுக்கும் மேலான வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. நம்மை நெருங்கிவரும் ஆம்புலன்சின் ஒலி கூர்மையாகக் கேட்பதுபோல, இந்த ஒளியும் கூர்மையாகிறது. இந்த ஆற்றலில் பெருக்கம் சுமார் 24,000 மடங்கு. 1.8ஐ 24,000ஆல் பெருக்கினால் 43,000க்கு மேல் வரும். சோதனை காட்டிய எண்ணும் அதே அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. சிவப்பு ஒளியாக இருக்க வேண்டியது வேகத்தால் எக்ஸ்ரே ஆகிவிட்டது!

அதற்கு எவ்வளவு நேராக வர வேண்டும் தெரியுமா? சுவருக்கும் பாசிட்ரானின் பாதைக்கும் உள்ள கோணம் சுமார் 0.05 பாகைக்குள் இருக்க வேண்டும். 1912இல் ஏன் முடியவில்லை என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

அதே 1979இல் இன்னொரு முடிவும் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கியில் இன்னும் உயர்ந்த ஆற்றல் பாசிட்ரான்களை வைரப் படிகத்தில் செலுத்திய சோதனை அது. அதில் சோவியத், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பணிபுரிந்தார்கள். உலகம் இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம். கோட்பாடு மாஸ்கோ பக்கம் எழுந்தது. தேவையான பாசிட்ரான் கற்றை கலிபோர்னியாவில் இருந்தது. சேர்ந்தால்தான் பார்க்க முடியும் என்ற நிலையில் சேர்ந்தார்கள்.

இன்று

வாய்க்கால் கதிர்வீச்சு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட விஷயம்தான். ஆனால் அதன் மூத்த உறவான ஒத்திசைந்த பிரெம்ஸ்ட்ராலுங் அன்றாட வேலையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 12 பில்லியன் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களை மெல்லிய வைரத் தகட்டில் செலுத்தி, அணுக்கருவை ஆராயத் தேவையான ஒளியை உண்டாக்குகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இந்த வரலாற்றின் தடம் உண்டு. பினாங்கு, கூலிம், சிங்கப்பூர் என்று நம் பிள்ளைகள் பலர் சில்லுத் தொழிலில் வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தொழிலில் சிலிக்கான் தகட்டுக்குள் அயனிகளைப் பதிக்கும்போது, தகட்டை ஏறத்தாழ 7 பாகை சாய்த்து வைப்பது நெடுநாள் வழக்கம். ஏன்? நேராக வைத்தால் அயனிகள் நிரைக்குள் புகுந்து வேண்டிய ஆழத்தைத் தாண்டி ஓடிவிடும். 1963இல் கணினிக்குள் ஓடிய அதே ஓட்டம்தான் இது. விஞ்ஞானிக்கு வரமான வழி, தொழிற்சாலைக்குத் தொல்லை.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

இந்த வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், "சரியான கேள்வி மட்டும் போதாது, அது விளைய நிலமும் வேண்டும்" என்பேன். விதை 1912இல் விழுந்தது. தவறான கருத்தோடு சேர்ந்து விழுந்ததால் மூடப்பட்டது. கருவி இல்லாததால் முளைக்கவில்லை. இரண்டு துறைகள் பேசிக்கொள்ளாததால் காய்க்கத் தாமதமானது. மூன்று காரணங்கள், மூன்று பத்திகள். ஆண்டுகள் அந்தப் பத்திகளுக்குள் சான்றாக வர வேண்டும், ஆண்டுகளே பத்தியாகிவிடக்கூடாது.

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. எதிர்பாராத விடை வந்தபோது ராபின்சனும் ஓனும் அதைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் இந்த வரலாறு எப்படி மாறியிருக்கும்? உங்கள் அறிவியல் கூடச் சோதனையில் 'சரியான விடை' வரவேண்டும் என்பதற்காக நீங்கள் மாற்றி எழுதிய எண் ஏதாவது உண்டா?

2. "ஸ்டார்க் நாஜி ஆதரவாளர், அதனால் அவர் கருத்து மறக்கப்பட்டது." இக்கூற்று ஏன் பிழையானது என்பதை ஆண்டுகளைக் கொண்டு நிறுவுக.

3. தாமதத்துக்கான மூன்று காரணங்களுள் எது மிக முக்கியம்? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற இரண்டும் ஏன் அடுத்த நிலையில் வருகின்றன என்று வாதிடுக.

முதல் கேள்விக்கு மாணவர்கள் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தலைகுனிவார்கள், கொஞ்சம் சிரிப்பார்கள். அவசரப்படுத்த வேண்டாம். நாமும் நம் பள்ளிக் காலத்தில் மாற்றி எழுதியவர்கள்தானே? அதை முதலில் நாமே சொல்லிவிட்டால், அவர்களும் சொல்வார்கள்.